எந்த வடிவத்தைப் பார்ப்பது?

2005-ல் வெளிவந்த 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்களுக்கு இளவரசி சிபில்லா கடைசிவரை பிடிபட்டிருக்க மாட்டாள். ஜெருசலேமை ஆளும் அவளுடைய சகோதரன் நான்காம் பால்ட்வின் தொழுநோயால் இறக்கிறான். சிபில்லா அரியணை ஏறி, தனக்குப் பிடிக்காத கணவனையே அரசனாக்குகிறாள். கொஞ்ச நேரத்தில் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, பித்துப் பிடித்தவளைப்போல உட்கார்ந்திருக்கிறாள். ஏன் இப்படி ஆனாள் என்பதற்குப் படத்தில் பதில் கிடையாது. சிலுவைப் போர்க் காலத்துப் பிரம்மாண்டம், கோட்டை முற்றுகை எல்லாம் இருந்தும் படம் மனதில் ஒட்டாமல் போனதற்கு இந்தப் பதிலில்லாத இடங்கள் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த ஆண்டு டிவிடியில் வந்த டைரக்டர்ஸ் கட்டில், அதாவது இயக்குநர் விரும்பியபடி தொகுத்த வடிவத்தில், பதில் இருந்தது. சிபில்லாவுக்கு முதல் மணத்தில் பிறந்த சிறு மகன் ஒருவன் உண்டு. மாமன் இறந்ததும் அந்தப் பிள்ளைக்குத்தான் முடிசூட்டுகிறார்கள். முத்திரையிடும்போது உருகிய அரக்கு அவன் கையில் சொட்டுகிறது. பையன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சூடு அவனுக்கு உறைக்கவே இல்லை. மாமனைத் தின்ற நோய் மருமகனையும் பிடித்துவிட்டது என்று தாய்க்குத் தெரிந்துபோகிறது. மாமனைப்போல முகமூடிக்குள் அழுகிச் சாகும் வாழ்க்கை தன் மகனுக்கு வேண்டாமென்று அவளே அவனுக்கு விஷம் கொடுக்கிறாள். அதற்குப் பிறகுதான் கணவன் தலைக்கு மகுடம் போவதும், அவள் முடியைக் கத்தரிப்பதும். (வரலாற்றில் ஐந்தாம் பால்ட்வின் 1186-ல் சிறுவனாகவே இறந்தது உண்மை. அவனுக்குத் தொழுநோய் வந்ததும் தாயே கொன்றதும் திரைக்கதை சேர்த்தவை.)

திரையரங்கில் ஓடிய வடிவம் 144 நிமிடம். டைரக்டர்ஸ் கட் 194 நிமிடம். இயக்குநர் ரிட்லி ஸ்காட் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. முன்பே எழுதி, நடித்து, படமாக்கி வைத்திருந்ததைத்தான் திருப்பி வைத்தார். விளைவை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தை வெட்டியிருந்தார்கள். காரணம் திரும்பி வந்ததும் சிபில்லாவும் படமும் நிமிர்ந்துகொண்டன. நீட்டித்த வடிவம் எதைப் பார்க்கும்போதும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே கிடைக்கிறது: முன்பு வெட்டுப்பட்டது விவரமா, காரணமா?

வெட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் துலங்கும். படப்பிடிப்பு முடிந்ததும் எடிட்டர் எல்லாக் காட்சிகளையும் வரிசைப்படுத்தி ஒரு முதல் கோப்பு தயாரிப்பார். அது எப்போதும் மிக நீளமாகத்தான் இருக்கும். அதிலிருந்து இயக்குநரும் எடிட்டரும் செதுக்கிச் செதுக்கி ஒரு வடிவத்துக்கு வருவார்கள். ஹாலிவுட்டில் இயக்குநர்கள் சங்கத்தின் ஒப்பந்தப்படி, ஒரு முழுநீளப் படத்தின் இயக்குநருக்குத் தன் விருப்பப்படி தொகுத்துத் தருவதற்குக் குறைந்தது 10 வாரம் உண்டு. அந்தக் காலத்தில் ஸ்டுடியோ குறுக்கிடக் கூடாது. ஆனால் அவர் தருவதை அப்படியே வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் ஸ்டுடியோவுக்குக் கிடையாது. கடைசி வெட்டு யாருடையது என்பது தனி ஒப்பந்தம். பெரிய பெயர் எடுத்த சிலருக்கே அந்த உரிமை கிடைக்கும்.

பிறகு சோதனைத் திரையிடல். முன்பின் தெரியாத பார்வையாளர்களைக் கூட்டி, படம் போட்டுக் காட்டி, கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து, எங்கே புரியவில்லை, எங்கே சலித்தது என்று எழுதச் சொல்வார்கள். திரையரங்கக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். மூன்றேகால் மணி நேரப் படம் என்றால் ஒரு திரையில் ஒரு நாளைக்கு ஒரு காட்சி குறையும். வாரக்கணக்கில், ஆயிரக்கணக்கான திரைகளில் அந்த ஒரு காட்சி பெரிய தொகை. இந்த இரண்டு நெருக்கடியும் பொய்யானவை என்று நான் சொல்ல மாட்டேன். படம் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். ஆனால் அவசரத்தில் வெட்டும்போது, வேறு எதிலும் பின்னாமல் தனியாக ஓடும் கிளைக் கதையைத்தான் கை முதலில் தேடும். முழுதாக உருவி எடுத்துவிடலாம், ஒட்டுப் போட்டது தெரியாது. சிபில்லாவின் மகன் அப்படித்தான் காணாமல் போனான்.

ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' படத்திலும் (1986) இதே போன்ற ஓர் இழப்பு. விண்வெளியில் 57 ஆண்டுகள் உறைதூக்கத்தில் மிதந்துவிட்டுத் திரும்பும் ரிப்ளிக்கு, பூமியில் விட்டுவந்த சின்ன மகள் கிழவியாகி இறந்தே போனாள் என்று சொல்லப்படும் காட்சி திரையரங்க வடிவத்தில் இல்லை. ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர் அந்தக் காட்சி போனதில் மிகவும் வருந்தினார். அவர் வருந்தியதில் நியாயம் இருக்கிறது. பின்பாதியில் நியூட் என்ற சிறுமிக்காக ரிப்ளி உயிரைப் பணயம் வைப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பிறகு வந்த 154 நிமிட வடிவத்தில் அந்தக் காட்சி திரும்பியது. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது: வேற்றுயிர்கள் தாக்குவதற்கு முன் குடியிருப்பு எப்படி இருந்தது என்று காட்டும் காட்சிகள். 137 நிமிட வடிவத்தில் ராணுவத்தோடு சேர்ந்து நாமும் அந்த இருண்ட குடியிருப்புக்குள் முதல்முறையாக நுழைகிறோம். உள்ளே என்ன நடந்தது என்று நமக்கும் தெரியாது. நீண்ட வடிவத்தில் அந்தப் பயம் பாதி கரைந்துவிடுகிறது. ஒரே வடிவத்துக்குள் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

நீளத்துக்கும் டைரக்டர்ஸ் கட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டும் படம் 'பிளேட் ரன்னர்'. இதுவும் ரிட்லி ஸ்காட்டுடையதுதான். 1982-ல் சோதனைத் திரையிடலில் பார்த்தவர்கள் படம் புரியவில்லை என்றார்கள். பயந்துபோன தயாரிப்புத் தரப்பினர் இரண்டு காரியம் செய்தார்கள். கதாநாயகன் ஹாரிசன் ஃபோர்டின் குரலில் படம் நெடுக விளக்கவுரை சேர்த்தார்கள். முடிவில், இருண்ட மழை நகரத்தை விட்டுக் காதலர்கள் பச்சை மலைகளுக்கு நடுவே காரில் போவதாக ஒரு சுப முடிவை ஒட்டவைத்தார்கள். அந்த மலைக் காட்சிகள்கூட அந்தப் படத்துக்காக எடுத்தவை அல்ல. ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக ஹெலிகாப்டரில் எடுத்து, பயன்படுத்தாமல் வைத்திருந்தவை.

விளக்கவுரை என்ன கெடுத்தது என்பதை ஒரே காட்சியில் பார்க்கலாம். செயற்கை மனிதன் ராய், தன்னை வேட்டையாட வந்தவனையே கீழே விழாமல் இழுத்துக் காப்பாற்றிவிட்டு, மழையில் நனைந்தபடி, தான் கண்டவையெல்லாம் தன்னோடு போய்விடும் என்று சொல்லி அடங்குகிறான். ரட்கர் ஹாயர் நடித்த அந்த மரணம் திரைப்பட வரலாற்றின் மகத்தான தருணங்களில் ஒன்று. 1982 வடிவத்தில் அது முடிந்த உடனே ஃபோர்டின் குரல் வந்து, அவன் ஏன் என்னைக் காப்பாற்றினான் என்று நமக்குப் பாடம் நடத்தத் தொடங்கும். நாமே யோசித்துக் கலங்க வேண்டிய நேரத்தைக் குரல் எடுத்துக்கொள்ளும். 1990-லும் 1991-லும், வெளியீட்டுக்கு முந்தைய ஒரு பழைய தொகுப்புப் பிரதி அமெரிக்காவில் சில அரங்குகளில் ஓடியது. அதில் இந்தக் குரல் அநேகமாக இல்லை. சுப முடிவும் இல்லை. கூட்டம் நெரிந்தது. அதைப் பார்த்து வார்னர் நிறுவனம் 1992-ல் டைரக்டர்ஸ் கட்டை வெளியிட்டது. அதிலும் ஸ்காட்டுக்கு முழு நிறைவில்லை. 2007-ல்தான் ஃபைனல் கட் என்ற பெயரில் அவர் முழுப்பொறுப்பில் ஒரு வடிவம் வந்தது. மூன்றின் நீளத்தையும் வைத்துப் பார்த்தால் ஓரிரு நிமிட வித்தியாசம்கூடத் தேறாது. படமோ தலைகீழாக மாறிவிட்டது. டைரக்டர்ஸ் கட் என்ற முத்திரைக்குச் சந்தையில் மதிப்பு வந்ததில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாருக்கும் ஸ்காட்டைப் போல இன்னொரு வாய்ப்பு வாய்க்கவில்லை. ஆர்சன் வெல்ஸ் 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தை எடுத்து முடித்துவிட்டு 1942-ல் வேறொரு படத்துக்காகப் பிரேசில் போயிருந்த நேரத்தில், ஆர்கேஓ நிறுவனம் படத்தை 88 நிமிடமாகக் குறைத்து, முடிவை வேறு ஆட்களை வைத்து மறுபடி எடுத்து ஒட்டியது. நாற்பது நிமிடத்துக்கு மேல் போயிற்று. நீக்கிய நெகட்டிவைப் பிறகு அழித்துவிட்டார்கள். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தன் பெயரே படத்தில் வேண்டாம் என்று எடுக்கச் சொன்னார். அந்த நாற்பது நிமிடம் இன்றுவரை கிடைக்கவில்லை. எரிக் வான் ஸ்ட்ரோஹைம் எட்டு மணி நேரத்துக்கு மேல் தொகுத்த மௌனப் படம் 'கிரீட்' (1924) இரண்டேகால் மணி நேரச் சொச்சமாகச் சுருங்கியது. அதில் போனதும் போனதுதான். 1999-ல் நிழற்படங்களை இடையில் செருகி நான்கு மணி நேரத்துக்கு ஒரு மீட்டுருவாக்கம் செய்தார்கள். அசையாத படங்களைப் பார்த்துக் கதையைத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவே.

செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா' (1984) கொஞ்சம் அதிர்ஷ்டம் செய்த படம். ஒரு கிழவனின் நினைவில் காலம் முன்னும் பின்னும் புரண்டு புரண்டு வரும் கதை அது. ஐரோப்பாவில் 229 நிமிடம் ஓடியது. அமெரிக்க விநியோகத்துக்கு அதை 139 நிமிடமாக வெட்டியதோடு, காலத்தை நேர்வரிசையில் அடுக்கிவிட்டார்கள். சிறுவயது, இளமை, முதுமை என்று ஒழுங்காக வந்ததும் நினைவு என்ற விஷயமே படத்திலிருந்து காணாமல் போயிற்று. ஐரோப்பிய வடிவம் பத்திரமாக இருந்ததால் படம் பிழைத்தது. லியோனி 1989-ல் காலமானார். மேலும் சில காட்சிகள் சேர்ந்த 251 நிமிட வடிவம் 2012-ல் கான் விழாவில் திரையிடப்பட்டபோது அவர் இல்லை.

இதுவரை சொன்னவை காயத்துக்கு மருந்து. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களின் நீட்டித்த வடிவங்கள் வேறு வகை. அங்கே ஸ்டுடியோவோடு சண்டை இல்லை. திரையரங்கில் வந்ததும் பீட்டர் ஜாக்சனின் படம்தான். அதையே அவர் முதன்மை வடிவமாகக் கருதினார். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கிறவர்களுக்காக, நாவலை நேசிப்பவர்களுக்காக, ஒவ்வொரு பாகத்திலும் அரை மணி முதல் ஐம்பது நிமிடம்வரை சேர்த்தார். டிவிடியில் நீக்கப்பட்ட காட்சிகள் என்று தனியாக வைப்பார்களே, அதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. நீக்கப்பட்ட காட்சி பெரும்பாலும் அரைகுறையாக இருக்கும். ஒலி சேராது, கிராஃபிக்ஸ் முடிந்திருக்காது. இங்கே சேர்த்த காட்சிகளுக்காக ஹவர்ட் ஷோர் புதிதாக இசை எழுதிப் பதிவு செய்தார். வண்ணமும் ஒலிக்கலவையும் மறுபடி செய்யப்பட்டன. மூன்றாம் பாகத்தின் திரையரங்க வடிவத்தில் சாருமான் வரவே மாட்டான். இரண்டு பாகமாக வளர்த்த வில்லனின் கணக்கு தீராமலே போகிறது; நடித்த கிறிஸ்டோபர் லீ வெளிப்படையாகவே மனம் வருந்தினார். நீண்ட வடிவத்தில் அவனுடைய முடிவு இருக்கிறது. அது காரணத்தைத் திருப்பித் தரும் காட்சி. மற்றவற்றில் பல, ரசிகர்களுக்கான விருந்து. முதல்முறை பார்ப்பவருக்கு அவை இல்லாமலும் கதை நகரும்.

சில படங்களை நீளம் காயப்படுத்தவே செய்கிறது. ஜுசெப்பே தொர்னத்தோரேயின் 'சினிமா பாரடைசோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ல் இத்தாலியில் 155 நிமிடமாக வந்து ஓடவில்லை. 124 நிமிடமாகச் சுருக்கி உலகத்துக்கு அனுப்பினார்கள். 1989-ல் கான் விழாவின் ஜூரி பெரும்பரிசும், பின்னர் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தன. 2002-ல் 173 நிமிட டைரக்டர்ஸ் கட் வந்தது. அதில், பெரிய இயக்குநராகி ஊர் திரும்பும் சல்வதோரே, இளமையில் தொலைத்த எலனாவை மறுபடி சந்திக்கிறான். அவர்கள் பிரிந்ததற்கு, அவன் தகப்பனைப்போல நேசித்த புரொஜெக்டர் ஆபரேட்டர் ஆல்ஃபிரடோவே காரணம் என்று தெரியவருகிறது. இங்கும் காரணம் திரும்புகிறது என்பது உண்மை. ஆனால் இந்தக் காரணம் நமக்குத் தேவைப்பட்டதா? சுருங்கிய வடிவத்தில் எலனா ஏன் வரவில்லை என்பது தெரியாமலே போகிறது. வாழ்க்கையில் பல பிரிவுகள் அப்படித்தான். அந்தத் தெரியாமைதான், பாதிரியார் மணியடித்து வெட்டச் சொன்ன முத்தக் காட்சிகளையெல்லாம் ஆல்ஃபிரடோ ஒட்டிச் சேர்த்து வைத்த கடைசிச் சுருளை அவ்வளவு கனமாக்குகிறது. நீண்ட வடிவத்தில் அந்தச் சுருள் ஒரு பிராயச்சித்தம்போல ஆகிவிடுகிறது. இயக்குநரின் விருப்பம் 173 நிமிடம்தான் என்றாலும், என் தீர்ப்பு 124 நிமிடத்துக்கே. 'டானி டார்கோ'வுக்கும் (2001) இதே கதி: 2004-ல் வந்த டைரக்டர்ஸ் கட், மர்மமாக இருந்ததையெல்லாம் விளக்கி, படத்தின் மயக்கத்தைக் கலைத்துவிட்டது.

ஆகவே இயக்குநர் கேட்டதெல்லாம் நல்லது, தயாரிப்பாளர் வெட்டியதெல்லாம் கெட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில நேரம் டைரக்டர்ஸ் கட் என்பதே வியாபாரத்துக்கு ஒட்டும் லேபிள். 'ஏலியன்' (1979) படத்துக்கு 2003-ல் அப்படியொரு வடிவம் வந்தபோது, பழைய வடிவமே தனக்கு நிறைவானது என்று ஸ்காட்டே தெளிவாகச் சொன்னார். அந்தப் புதிய வடிவம் மூலத்தைவிட ஒரு நிமிடம் குறைவு.

புதிய வடிவம் வரட்டும்; பழையதை ஒளித்து வைப்பதுதான் தவறு. ஜார்ஜ் லூகாஸ் தன் 'ஸ்டார் வார்ஸ்' படங்களை 1997-ல் திருத்தி வெளியிட்டார். புதிய கிராஃபிக்ஸ் உயிரினங்கள் நுழைந்தன. மதுக்கூடக் காட்சியில் ஹான் சோலோ முதலில் சுடுவதாக இருந்ததை, எதிராளி முதலில் சுடுவதாக மாற்றினார். ஒரு போக்கிரி மெல்ல மெல்ல நல்லவனாகும் கதையின் தொடக்கப் புள்ளியே அதனால் மழுங்கியது. அதற்குப் பிறகு டிவிடியிலும் புளூ-ரேயிலும் திருத்திய வடிவங்களே முன்னின்றன. 1977-ல் மக்கள் பார்த்த வடிவத்தை நல்ல தரத்தில் பார்ப்பது ஒரு தலைமுறைக்கே அரிதாயிற்று. ஸ்பீல்பெர்க் 'இ.டி.' படத்தின் 2002 வடிவத்தில் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளை அழித்து வாக்கி-டாக்கியாக்கினார். பிறகு அது தவறு என்று ஒப்புக்கொண்டு பழைய வடிவத்தையே முன்வைத்தார். படம் வெளியானதும் அது பார்த்தவர்களுடைய நினைவிலும் பங்கு பெறுகிறது. அந்தப் பங்கை மதித்தார் ஸ்பீல்பெர்க்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு தணிக்கையைத் தொடாமல் நகராது. 'ஷோலே' 1975-ல் நெருக்கடிநிலைக் காலத்தில் வெளியானது. கைகளை இழந்த தாக்கூர், ஆணி பதித்த காலணியால் கொள்ளையன் கப்பர் சிங்கை மிதித்தே கொல்வதாக இயக்குநர் ரமேஷ் சிப்பி எடுத்திருந்தார். ஓய்வுபெற்ற காவல் அதிகாரியே சட்டத்தைக் கையில் எடுப்பதைத் தணிக்கையினர் ஏற்கவில்லை. கடைசி நேரத்தில் போலீஸ் வந்து தடுப்பதாக வேறு முடிவு எடுத்துச் சேர்த்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் சிப்பி ஃபிலிம்ஸும் சேர்ந்து மீட்டெடுத்த மூல முடிவுள்ள வடிவம், 2025-ல் இத்தாலியின் போலோன்யா நகர விழாவில் திரையிடப்பட்டது. மூல நெகட்டிவ் மோசமாகச் சேதமடைந்திருந்தது. பிரிட்டனில் ஒரு கிடங்கில் கிடைத்த சுருள்கள் கைகொடுத்தன. இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்றுக்கே இந்த நிலை.

தமிழில் நாம் பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறோம். படம் வெளியான முதல் வாரத்தில், நீளம் என்ற பேச்சு எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தைக் கத்தரித்துவிட்டு அறிவிப்பு கொடுக்கிறோம். 2024-ல் 'இந்தியன் 2' படத்துக்கு 12 நிமிடம் அப்படிப் போனது. 2002-ல் வந்த 'பாபா'வை இருபது ஆண்டு கழித்து மறுவெளியீடு செய்தபோது, சுருக்கி, மறுபடி தொகுத்து, ரஜினிகாந்த் புதிதாக டப்பிங் பேசி, முடிவையும் மாற்றினார்கள். தணிக்கைச் சான்றிதழ் பெற்ற பிறகு ஒரு காட்சியை நீக்கினாலும் சேர்த்தாலும் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தெரிவித்துவிட்டதால் மட்டும் நீக்கியது பத்திரமாகிவிடாது. இப்போது எல்லாம் டிஜிட்டல். ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதானால் சாம்பல்கூட மிஞ்சாது.

உங்கள் முன் ஒரு படத்தின் இரண்டு வடிவங்கள் இருந்தால் நிமிடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வெட்டியது யார், இயக்குநரின் சம்மதத்தோடா, என்ன போயிற்று என்று சற்று விசாரித்துவிட்டு உட்காருங்கள். 'கிங்டம் ஆஃப் ஹெவன்' என்றால் 194 நிமிட வடிவம் மட்டுமே. 'பிளேட் ரன்னர்' என்றால் 2007 ஃபைனல் கட். லியோனியின் படத்துக்கு 229 நிமிடத்துக்குக் குறைந்த எதையும் தொடாதீர்கள். 'ஏலியன்ஸ்', 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டுக்கும் முதலில் திரையரங்க வடிவம், பிடித்தால் பிறகு நீண்டது. 'சினிமா பாரடைசோ'வின் 124 நிமிடத்தைப் பார்த்துவிட்டுச் சில வருடமாவது கழித்து 173-க்குப் போங்கள்.

தமிழ்த் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டத்துக்காக வெட்டுங்கள்; அது உங்கள் தொழில், உங்கள் முதல். வெட்டிய துண்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒலித்தடத்தோடும் எடிட்டிங் கோப்போடும் இரண்டு பிரதி எடுத்து, எந்தப் படத்தின் எந்த ரீலுக்கு உரியது என்று எழுதி, வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.